துடுப்புப் போடாமல் கேட்ட பாட்டு

இந்த முறை சிங்கப்பூரில் நன்றாகச் சாப்பிட்டேன். யார் வீட்டில் சாப்பிட்டேனோ அவனுக்கே கெடுதலும் செய்தேன். சாப்பாட்டை மட்டும் எழுதினால் கட்டுரை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பாதி பொய்யாகிவிடும். அதனால் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

விமான நிலையத்தில் ஆரோக்கியம் காத்திருந்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவன், எழுபதைத் தாண்டிவிட்டான். என் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி டாக்சியின் பின்னால் போட்டான். எனக்கு இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. திருச்சியில் மாடி ஏறுவதையே விட்டுவிட்டேன். முதல் பொறாமை அந்த டாக்சி வரிசையிலேயே வந்துவிட்டது.

"என்னடா வாத்தியாரே, பெட்டில கல்லு வச்சிருக்கியா?"

"முறுக்கு. என் மனைவி உனக்குன்னு சுட்டது."

"அப்பக் கல்லுதான்" என்றான்.

நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் வேலை பார்த்தோம். கணினி விளையாட்டுகள் செய்யும் சின்ன நிறுவனம். அது மூடப்பட்டதும் நான் திருச்சிக்குத் திரும்பிக் கல்லூரியில் இயற்பியல் வாத்தியாரானேன். ஆரோக்கியம் இங்கே பிறந்தவன், இங்கேயே இருந்துவிட்டான். அந்த நாளில் நாங்கள் செய்த விளையாட்டுகளில் ஒன்று மட்டும் பிழைத்துக்கொண்டது. ஒரு சம்பான் படகை ஆற்றில் எதிர்நீரோட்டமாக ஓட்டிப் போக வேண்டும். மரக்கட்டைகள் மிதந்து வரும், முதலை வரும், பாலங்கள் வரும். அதற்கு மெட்டுப் போட்டவன் நான். துடுப்புச் சத்தம், கட்டை மோதும் சத்தம், படகு முழுகும் சத்தம் எல்லாம் ஆரோக்கியத்தின் கைவேலை.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் காலத்துக் கணினியில் ஒரே நேரத்தில் மூன்று குரல்களுக்கு மேல் ஒலிக்காது. நான் மூன்றையும் நிரப்பி வைத்திருந்தேன்: மெட்டு, அடிச்சுரம், தாளம். துடுப்பு 'ச்சளக்' என்று விழும்போதெல்லாம் மூன்றில் ஒன்று வாயை மூடி அதற்கு இடம் விட வேண்டும். மெட்டைக் காப்பாற்றுவதற்காக நான் தாளத்தை விட்டுக்கொடுத்தேன். ஓட்டுவதை நிறுத்தினால் நீரோட்டம் படகைப் பின்னால் தள்ளிவிடும், ஆகவே யாரும் துடுப்பை நிறுத்தமாட்டார்கள். நான் இரவு பகலாக உட்கார்ந்து எழுதிய தாளம் வெளியே வரவேயில்லை. "உன் ச்சளக் என் பாட்டைத் தின்னுடுச்சு" என்று அவனை எத்தனை முறை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

இப்போது வேறொரு நிறுவனம் அந்த விளையாட்டைப் புதிதாகச் செய்கிறது. புதிய இசையை அமைத்திருப்பவன் ஆரோக்கியம். பழைய மெட்டை நீக்கக் கூடாது என்று பழைய ஆட்டக்காரர்கள் இணையத்தில் சண்டை போடுகிறார்களாம். பழைய மெட்டைப் போட்டவரே வந்து இரண்டையும் கேட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும், அதையே அறிவித்துவிடலாம் என்று என்னை அழைத்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு என் கருத்தை யாரும் கேட்டதில்லை. மறுநாளே சம்மதம் சொல்லிவிட்டேன்.

பிடோக்கில் ஆரோக்கியத்தின் அடுக்குமாடி வீட்டில் தங்கினேன். மின்தூக்கியில் ஏறியவர்கள் எல்லாரும் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். ஒரு மலாய்க்காரர் கச்சேரி எப்போது என்று கேட்டார். ஒரு சீனப் பெண்மணி அவன் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைத் திணித்தாள். திருச்சியில் என் எதிர்வீட்டுக்காரருக்கு என் பெயர் தெரியுமா என்பது சந்தேகம். வீட்டில் ஒரு பியானோ இருந்தது. அதன் மேல் மாதா படமும் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன. தூசி இல்லை, அப்படியென்றால் தினமும் வாசிக்கிறான்.

அவன் மனைவி ஸ்டெல்லா தோசைக்கு நெத்திலி சம்பால் வைத்தாள். "காரமா இருந்தா சொல்லுங்கண்ணே, முட்டை போட்டுத் தரேன்." காரம்தான். சொல்லவில்லை. கண்ணீர் வழிய ஐந்து தோசை சாப்பிட்டேன். நம் வீட்டுச் சட்னிக்கு இந்தத் துணிச்சல் கிடையாது.

"அண்ணன் அழுவுறாரு பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

"பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு போல, விடு" என்றான் ஆரோக்கியம்.

மறுநாள் ஆங் மோ கியோவுக்குப் பேருந்தில் போனோம். தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மாடியில் அந்த அலுவலகம். தலைமைப் பொறுப்பில் இருந்தவள் ஹுய் லிங் என்ற பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். "உங்கள் மெட்டைக் கேட்டு வளர்ந்தவர் எங்கள் முதலாளி, சார். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்."

ஒரு கண்ணாடி அறையில் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தான் பலகையைக் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னொரு திரையின் முன்னால் ஆரோக்கியம் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான்.

திரையில் ஆறு. விடியற்காலை மாதிரி வெளிச்சம். சம்பான் ஓரமாக நின்றது. புதியதில் நீரோட்டம் படகைத் தள்ளுவதில்லை, நாம் தொடும்வரை அது நிற்கும். ஒற்றைப் புல்லாங்குழல் ஒன்று மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது.

இந்தக் காலத்து விளையாட்டு இசை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். வருவதற்கு முன்பே படித்திருந்தேன். முன்போல ஒரே பாட்டு சுற்றிச் சுற்றி வராது. நாம் நகர நகர ஒவ்வொரு வாத்தியமாகச் சேரும். நின்றால் விலகும். ஆபத்து வந்தால் இறுகும். கேட்பவன் நகராமல் அந்த இசையைக் கேட்டதாகச் சொல்ல முடியாது.

நான் நகரவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை அதன்மேல் பரப்பி, அழுத்தாமல் இருந்தேன். புல்லாங்குழல் போய்க்கொண்டே இருந்தது. தலையை இரண்டு முறை ஆட்டினேன், ஆழ்ந்து கேட்பவனைப்போல. பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன். "ஆனால் கதவைத் தாண்டினால் மறந்துபோகும். இப்போது வரும் விளையாட்டு இசை எல்லாமே இப்படித்தான். புகை மாதிரி பின்னால் சூழ்ந்திருக்கும், பிடித்துக்கொள்ள மெட்டு இருக்காது. பழைய மெட்டை ஜனங்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள் இல்லையா?"

ஹுய் லிங் எழுதிக்கொண்டாள். "அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்வோமா, சார்?"

"அதுதான் நல்லது."

இதைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டது போலிருந்தது.

திரும்பும் பேருந்தில் ஆரோக்கியம் ஜன்னல் இருக்கையை எனக்குக் கொடுத்தான். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்டா. மெட்டுப் போடுறதுல நீதானே கெட்டிக்காரன்" என்றான். இறங்கும்போது என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அவ்வளவு மெதுவாக ஏன் பிடித்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று மாலை பிலோமினா அக்கா வந்தார். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர். ஒரு டப்பா நிறைய ஒண்டே ஒண்டே கொண்டுவந்திருந்தார். தேங்காய்ப்பூ ஒட்டிய பச்சை உருண்டை, உள்ளே உருகிய பனைவெல்லம். வாயை மூடிக்கொண்டு கடிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சட்டை முழுக்க வெல்லம்.

"மொதத் தடவ எல்லாருக்கும் இதான்" என்று டிஷ்யூ கொடுத்துவிட்டு, "எங்க குரல் எப்படிண்ணே இருந்துச்சு? பாலத்துக்கு அடியில போறப்ப நாங்க வருவோம்னு இவர் சொன்னாரு. பன்னெண்டு பொம்பளைங்க, லீவு போட்டுட்டு வந்து பாடுனோம்" என்றார்.

படகு பாலத்தை எட்டியிருந்தால்தானே. "கேட்டேன். நல்லா இருந்தது" என்றேன்.

"எந்த எடம் நல்லா இருந்துச்சு?"

"எல்லா இடமும்."

ஆரோக்கியம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, பழைய பாட்டையே போடப் போறாங்களாம். நம்மளது வராது" என்றான்.

அக்கா டப்பாவை மூடினார். "அப்ப மருமககிட்ட நான் கேம்ல பாடுறேன்னு பீத்திக்கிட்டது வேஸ்ட்டா? சரி லா. ஆண்டவர் ஒருத்தர்தான் நம்ம பாட்டை எந்திரிச்சுப் போவாம கேக்குறவரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெல்லக் கறை சட்டையில் காய்ந்து இறுகியிருந்தது.

அடுத்த நாள் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. வேட்டி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாக லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து வேட்டி வாங்குகிறவனை ஸ்டெல்லா ஒருமாதிரிப் பார்த்தாள். கேம்பல் லேனில் மல்லிகைப்பூ வாசனை, செல்பேசிக் கடைகள், நம் ஊர்ப் பையன்கள் வீட்டுக்குப் பேசும் சத்தம். மதியம் தேக்கா உணவுக் கடைகளுக்குள் நுழைந்தேன். மேசைகள் நிரம்பி வழிந்தன. ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது, அதன்மேல் ஒரு சிறிய டிஷ்யூ பொட்டலம். இந்த ஊரில் மேசைக்குக்கூடக் காகிதம் வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டு, அதைப் பிரித்து, நாற்காலியைத் துடைத்து, உட்கார்ந்தேன்.

"அங்கிள், அது என் சீட்டு லா."

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர் இரண்டு கைகளிலும் பிரியாணித் தட்டுகளோடு நின்றார். பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவருடைய மகள். டிஷ்யூ வைத்தால் இடம் பிடித்ததாக அர்த்தமாம். நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். எழப் போனேன். "பரவால்ல, உக்காருங்க. ஆனா டிஷ்யூவ மிச்சம் வைங்க" என்றார்.

அவர் பெயர் மணிவண்ணன். காப்பீட்டு முகவர். நானும் ஒரு தட்டு வாங்கி வந்து சோற்றில் கை வைப்பதற்குள் எனக்கு முதியோர் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். மகள் தர்ஷினி, "டாடி, ப்ளீஸ், சாப்பிடட்டும்" என்றாள். பேச்சைத் திருப்புவதற்காக நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

அவர் எலும்பைத் தட்டில் போட்டார். "சம்பானா? அந்தப் பாட்டு நீங்களா? அங்கிள்! நானும் என் தம்பியும் அதுக்காக அப்பாகிட்ட பிரம்படி வாங்கியிருக்கோம்!" பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. "இப்ப வர்ற கேமுக்கெல்லாம் மியூசிக்கா போடுறாங்க? ஒண்ணாச்சும் வாயில வருதா? நீங்க போட்டதுதான் மியூசிக்."

எனக்கு வேண்டியிருந்த மருந்து இது. இரண்டாவது தட்டு வாங்கலாமா என்றுகூடத் தோன்றியது.

"அது நல்லா இருக்குறதால இல்ல டாடி" என்றாள் தர்ஷினி. "நீங்க ஒரே லெவல்ல ஹண்ட்ரட் டைம்ஸ் செத்துருப்பீங்க. ஒரே பாட்டை ஹண்ட்ரட் டைம்ஸ் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்கும்."

"உனக்கு உன் கேம் பாட்டு ஒண்ணு பாட வருமா? பாடு பாப்போம்."

"பாட வராது. ஆனா கேட்டா தெரியும். அந்த வயலின் வந்தாலே நான் எங்க நிக்கிறேன், யாரு சாகப் போறாங்கன்னு தெரியும். ஐ வில் க்ரை."

"பாத்தீங்களா அங்கிள், பாட வராதாம். இப்ப நம்ம பாட்டைக் கேளு." மணிவண்ணன் கண்ணை மூடி, பிரியாணிக் கையை ஆட்டிக்கொண்டு என் மெட்டைப் பாடினார். "தா தீ தத்தா... ச்சளக்... தா தீ தத்தா... ச்சளக்... தத் தத் தா... ச்சளக் ச்சளக்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சுரம் ஒன்றும் தப்பவில்லை. ஆனால் ச்சளக் என் பாட்டு அல்ல. அது ஆரோக்கியத்தின் துடுப்பு.

"நடுவுல வர்றது துடுப்புச் சத்தம்" என்றேன். "அத விட்டுட்டுப் பாடுங்க."

அவர் முயன்றார். இரண்டாவது வரியில் நின்றுபோனார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றார். "அது இல்லாம வரமாட்டேங்குதே அங்கிள்" என்று சிரித்தார். "அதுவும் பாட்டுதானே?"

தர்ஷினி என் முகத்தைப் பார்த்து, "ஆர் யூ ஓகே, தாத்தா?" என்று கேட்டாள்.

யாரும் என் மெட்டைத் தனியாகக் கேட்டதில்லை. கைகளால் படகை ஓட்டிக்கொண்டு, அவனுடைய துடுப்பைத் தாளமாக வைத்துத்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஓட்டாமல் கேட்டது நான் ஒருவன்தான், அதுவும் அவனுடைய பாட்டை.

சாப்பிட்ட தட்டை அதற்குரிய அடுக்கில் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வைக்காமல் எழுந்துவிட்டேன். "தட்டு, தட்டு!" என்று மணிவண்ணன் கத்தினார். திரும்பி வந்து வைத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது என் முழங்கால்களுக்குத் தகுந்த அளவில்.

ஹுய் லிங்கின் அலுவலகத்துக்குப் போக தோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போது அவசரத்தில் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டேன். ஆங் மோ கியோ வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் மரீனா சவுத் பியர் வந்தது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, "லாஸ்ட் ஸ்டாப், அங்கிள்" என்றார், அவருக்கே என் வயது இருக்கும். தீவின் ஒரு முனையிலிருந்து நடுப்பகுதி வரை, நின்றுகொண்டே, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன்.

ஹுய் லிங் என்னைப் பார்த்துத் திகைத்தாள். இன்னொரு முறை உட்கார வேண்டும் என்றேன். இந்த முறை பொத்தானை அழுத்தினேன்.

படகு நகர்ந்தது. துடுப்பு விழுந்த இடத்தில் புல்லாங்குழலுக்குக் கீழே ஒரு கஞ்சிரா கண் திறந்தது. நான் தப்பும் தவறுமாகப் போட்ட துடுப்புகளுக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொண்டு, எப்படியோ ஒவ்வொரு ச்சளக்கையும் தாளத்தில் விழவைத்தது. கட்டையில் மோதி முழுகினேன். மறுபடி முழுகினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. கடைசியில் முதல் பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது வெளிச்சம் குறைந்து, கல் வளைவுகளில் பட்டு எதிரொலிப்பதுபோல் பன்னிரண்டு பெண்களின் குரல் வந்தது. அதில் ஒரு குரல் பிலோமினா அக்காவுடையது என்று தெரிந்தது. லேசாகப் பிசிறடித்தது, அதை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தான். என்னால் வாழ்நாளில் இப்படி ஒன்று எழுதியிருக்க முடியாது. அழவேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமை வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன என்பதுதான் உண்மை.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "நேற்று நான் படகை நகர்த்தவே இல்லை" என்றேன்.

"தெரியும், சார். திரையில் பார்த்தோமே."

"ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"ஆரோக்கியம் அங்கிள்தான் கேட்காதே என்றார். உங்களுக்கு விரல்களில் மூட்டுவலியாக இருக்கும், பொத்தானை அழுத்த முடியவில்லை, கேட்டால் சங்கடப்படுவீர்கள் என்றார்."

பேருந்திலிருந்து என் கையை அவ்வளவு மெதுவாகப் பிடித்து இறக்கியது ஏன் என்று புரிந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலி இல்லை, வேண்டுமென்றே செய்தேன், புதிய இசையை வையுங்கள் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டாள். அந்த மரியாதைகூட எனக்கு அதிகம்.

ஆரோக்கியம் அவன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கல் மேசையருகே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்தேன். "என் கையில வலி இல்லடா" என்றேன்.

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் செய்தித்தாளை நான்காக மடித்தான்.

"அக்காகிட்ட அவங்க பாட்டைக் கேட்டேன்னு வேற சொன்ன."

"சொன்னேன்."

"என் துடுப்பு உன் பாட்டைத் தின்னுடுச்சுன்னு அந்தக் காலம் பூரா திட்டுன. நான் தெரிஞ்சா செஞ்சேன்? மெஷின் அப்படி. நீ தெரிஞ்சே தின்னுருக்கியேடா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து மேலே போய்விட்டான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. ஸ்டெல்லா எனக்கு மட்டும் பரிமாறினாள். சம்பால் வைக்கவில்லை. "வயித்துக்கு ஆகாதுண்ணே" என்றாள்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு வந்தான். வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். டாக்சி நின்றது. பெட்டியை நானே இறக்கினேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே கோப்பிக் கடையில் இரண்டு கோப்பி வாங்கி, ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

"ஹுய் லிங் போன் பண்ணுச்சு. புதுசுதான் போடுறாங்க" என்றான். கோப்பியை ஆற்றிக்கொண்டே, "உன் பாட்டு மொதப் பக்கத்துல வருது. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னால, யாரும் எதையும் அழுத்தாம இருக்குற வரைக்கும் ஓடும். நான்தான் அங்க போடச் சொன்னேன்."

நான் தலையாட்டினேன்.

"அங்க துடுப்பு இல்ல. உன் தாளம் கேக்கும்." எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டான். "முறுக்கு நல்லா இருந்துச்சுன்னு வீட்ல சொல்லு." திரும்பிப் பார்க்காமல் நடந்தான். முழங்கால்கள் அவனுக்கு எவ்வளவு நன்றாக மடங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் மேலே ஏறியதும் கண்ணை மூடி அந்தத் தாளத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லையே என்று இத்தனை ஆண்டுகள் நான் மருகிய தாளம். மெட்டு வந்தது. அடிச்சுரம் வந்தது. தாளம் வரவேண்டிய இடத்தில் கைப்பிடியில் விரலால் தட்டிக் காத்திருந்தேன்.

ச்சளக் என்றுதான் விழுந்தது.